இரண்டு காலும் வலித்தால்

அன்று காலை எங்களுக்குள் தண்ணீர் மட்டத்தைப் பற்றித்தான் சண்டை. கண்ணாடித் தொட்டிக்குள் நகரும் பட்டையில் ஒரு கிழட்டு நாயை நடக்க விட்டிருந்தோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றேன். வயசானவனை நீச்சல் போட்டிக்கா அனுப்பப் போகிறாய் என்றார் என் கணவர். வழக்கம்போல் அவர் சொன்ன அளவில்தான் தண்ணீர் நின்றது. பிறகு துண்டை எடுக்கத் திரும்பினார். வழுக்கக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தார்.

இடது தொடை எலும்பு, இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. புற்றுநோய் அரித்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும், இத்தனை நாள் நொண்டவே இல்லையா என்று எலும்பு டாக்டர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்காதது நல்லதாகப் போயிற்று.

நொண்டலைப் பார்ப்பதுதான் என் வேலை. நாங்கள் இருவரும் மனிதர்களுக்கு இயன்முறை மருத்துவம் பார்த்தவர்கள். என் அண்ணன் கால்நடை மருத்துவர். அவன் அறுவை செய்த நாய்கள் மறுபடி நடக்கப் பழக, அவனுடைய கிளினிக்கின் பின்னறையில் எங்களை உட்கார வைத்தான். படித்துவிட்டு நாய்க்குக் கால் பிடிக்கப் போகிறார்களாம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் பெரிய மனிதர்களின் காலைப் பிடித்து முன்னேறுகிறார்கள், நமக்குக் குறைந்தது நாலு கால் கிடைக்கிறதே என்பார் இவர். இந்த வேலைக்கான சான்றிதழை அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார். நானும் வாங்க வேண்டும் என்று போன வருடம் பிடிவாதமாகப் படிக்க வைத்தார்.

அவர் இறந்துபோன பிறகு, அவருடைய ஷூக்களை எடுத்துக் கட்டும்போது வலது ஷூவுக்குள் மட்டும் கையில் ஏதோ இடறியது. உள்தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு. எங்கள் பயிற்சிப் பாயிலிருந்து வெட்டியது. குதிகாலில் குத்துகிற மாதிரி கூராக.

கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கால் வலித்தால் நாய் அதில் பாரம் போடாது, பார்த்ததும் தெரியும். இரண்டும் வலித்தால் நடை சமமாகிவிடும். தொழிலுக்குப் புதியவர்கள் அங்கேதான் ஏமாறுவார்கள். பரீட்சைக்காக அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இடது கால் வலி எனக்குத் தெரியக் கூடாது என்று வலது காலையும் வலிக்க வைத்துக்கொண்டு என் எதிரே நடந்திருக்கிறார். மெதுவாக நடக்கிறாரே என்று மட்டும் நினைத்தேன். வயசு என்று விட்டுவிட்டேன்.

ஷூவை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"மாப்பிள்ளை இதைத் தூக்கிப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்" என்றான்.

அப்புறம் எல்லாம் வந்தது. நாய்களைப் படுக்க வைக்கும் மேசையில் அவரைப் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தது அண்ணன்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவன்தான். அங்கே கையை விரித்துவிட்டார்களாம். நான் பரீட்சை எழுதி முடிக்கும்வரை சொல்லக் கூடாது என்று இவர் கையைப் பிடித்துக் கேட்டாராம்.

"பரீட்சைதான் முடிஞ்சுதே."

"அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலம்மா."

"உங்க மச்சான் மாப்பிள்ளை ஒத்துமைக்கு நான்தான் கெடச்சேனா? என் கண்ணை நானே நம்ப முடியாம பண்ணிட்டீங்களே, ரெண்டு பேரும்."



சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. ஆனால் அதன்பிறகு வந்த நாய் ஒவ்வொன்றையும் பார்த்து, சமமாக நடக்கிறதா, ஏமாற்றுகிறதா என்று தவித்தேன். நன்றாகத் தேறியவற்றைக்கூட மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன். கடைசியில் யாரையும் அனுப்ப வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பின்னறையைப் பூட்டினேன்.

போன வாரம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு நாய்க்குப் பின்னங்கால் அறுவை முடிந்திருக்கிறது, வேறு எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை என்றான். நான் அவனை உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஷூவைக் கழட்டு" என்றேன்.

புரிந்துகொண்டான். கழற்றி, இரண்டையும் என் பக்கம் தள்ளி வைத்தான். நான் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை.

"இப்ப நட."

சுவர் வரை வெறுங்காலோடு போய்த் திரும்பி வந்தான். நான் குந்தி உட்கார்ந்து, எந்த நாயையும் பார்க்காத அளவு உற்றுப் பார்த்தேன். இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் நடந்தான்.

சின்ன வயதில் இருந்த மாதிரியே, அவனுடைய வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது; அதை அவன் மறைக்கப் பார்க்கவில்லை.