டேப் பிடிக்காத கை

என் தங்கை புருஷன் தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். டேப் என்பது கண் அவிந்தவர்களுக்கான கருவி என்பது அவர் கொள்கை. ஆளை ஒரு பார்வை பார்ப்பார், கத்தரி ஓடும். எட்டு வருடமாக ஒரு கால்சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. வாரம் ஒருமுறையாவது இதை எங்களுக்குச் சொல்லிவிடுவார்.

போன வாரம் ஒன்பது திரும்பி வந்தன. எல்லாமே கெண்டைக்காலோடு நின்றுவிட்டன.

"திங்கக்கிழமை எனக்கே ஒண்ணு வெட்டட்டும். சரியா வரலேன்னா கத்தரி வேற கைக்குப் போயிடும்" என்றார் முதலாளி.

"ஆளுங்கல்லாம் குட்டியா தெரியறாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"நானும் குட்டியா தெரியறேனாம்ணா. இத்தனை வருஷமா அப்படித்தானே நடத்தறாரு!" என்றாள் தங்கை.

பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெயர்ப்பலகையில் பட்டங்களே ஐந்து வரி. நிமிராமல் கேட்டார்: "என்ன தெரியுது?"

"நீங்க பேனா மூடி அளவுக்குத் தெரியறீங்க சார்."

அந்த அறையில் அப்படி யாரும் பேசியதில்லை போலிருக்கிறது. "இது மனக்கோளாறு" என்று சீட்டுக் கிழிகிற வேகத்தில் மாத்திரை எழுதினார். மாப்பிள்ளை இரண்டு நாள் தூங்கினார். எழுந்தபோதும் நாங்கள் குட்டியாகத்தான் இருந்தோம்.

கடைசியில் எங்கள் தெரு டாக்டரம்மாதான் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த நெறிகட்டு எப்பலேருந்து?"

"மூணு வாரமா. காய்ச்சல், தொண்டைவலி எல்லாம் இருந்துச்சு. தானா போயிடுச்சு."

"பெரிய டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் கேக்கலயே!"

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. சுரப்பிக் காய்ச்சல். "அந்தக் கிருமி அபூர்வமா மூளையையும் சீண்டிட்டுப் போகும். அப்ப பொருளோட அளவு மாறித் தெரியும். பெரும்பாலும் சில வாரத்துல தானா சரியாயிடும். தலைவலி அதிகமானாலோ வலிப்பு வந்தாலோ உடனே வாங்க. அதுவரைக்கும் டேப் வெச்சு வெட்டுங்க. எண் மாறாது."

"டேப்பா? நானா?" மருந்து கசந்தால்கூட அந்த முகம் அப்படிச் சுளித்திருக்காது.

திங்கட்கிழமை முதலாளி வந்து நின்றார். தங்கை பார்த்த பார்வையில் மாப்பிள்ளை டேப்பை எடுத்தார். இடுப்பிலிருந்து குதிகால் வரை பிடித்தார்.

"நாப்பதா? இவருக்கா? பொம்மை சைஸ்ல நிக்கிறாரு மச்சான்!"

"நாப்பதுன்னா நாப்பது. வெட்டுய்யா!" என்று கத்தினேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு, டேப் சொன்ன இடத்தில் வெட்டினார். மாலையில் முதலாளி போட்டுப் பார்த்தார். குதிகாலில் கச்சிதமாக உட்கார்ந்தது. கத்தரியை மாப்பிள்ளை பக்கம் நகர்த்திவைத்தார்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மச்சான்? எட்டு வருஷமா ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல!"

தங்கை டேப்பை எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.