கழன்று வந்த காவல்

குழாய் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கழன்று வந்த எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். பிய்ந்த வாஷரோ நைந்த ரப்பரோ, அதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், "இதே மாதிரி குடுங்க" என்று கேட்பார்கள். அந்தப் புத்தியில்தான் குழாய்க்காரர், ஏழு மாதக் கர்ப்பிணியான தன் மனைவியிடமிருந்து அன்று காலை கழன்று வந்ததை, வாஷர் டப்பாவைக் கழுவி அதில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பார்க்க ஒன்றுமில்லை. முட்டையின் வெள்ளைக்கரு பாதி உறைந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கொழகொழப்பு. நடுவில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவையும் இப்படித்தான் ஒரு கோட்டில் ஆரம்பித்தது. ஐந்தாம் மாதத்தில் எல்லாம் முடிந்து வெறுங்கையோடு வீடு திரும்பினாள். அந்தக் குழந்தையோடு அவள் ஓயாமல் பேசியிருந்தாள். சட்டைக் கம்பெனியில் பட்டன் துளை போடும் மெஷின் முன்னால் உட்கார்ந்து, யார் யாரோடு சண்டை, எந்த மேஸ்திரிக்கு என்ன கொழுப்பு என்று ஒன்று விடாமல் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை மூச்சு விடவில்லை. பேசினால் ஆசை வந்துவிடும், ஆசை வந்தால் இதுவும் போய்விடும் என்று ஒரு பயம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்து முடித்ததும் குழாய்க்காரர் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"இது எங்க இருந்துச்சோ அங்கயே திரும்ப வச்சு அடைச்சிடுங்க டாக்டர். நான் கை வைக்கல, அப்படியே இருக்கு."

டாக்டரம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "இது சளிங்க."

"சளியா? இவளுக்கு ஜலதோஷம்கூட இல்லையே!"

"மூக்குல மட்டுமா சளி இருக்கு? வயிறு, குடல், நுரையீரல்னு வெளியாள் நுழைய எங்கெல்லாம் வழி இருக்கோ, அங்கெல்லாம் உடம்பு சளியைத்தான் காவலுக்கு நிறுத்துது. கர்ப்பப்பை வாயிலயும் அடைச்சுக்கிட்டு நிக்கும். கிருமி வந்தா அதுல ஒட்டிக்கும், உள்ள போக முடியாது. அதுல கொஞ்சம் வெளிய வந்திருக்கு."

"அப்போ கதவு திறந்து கிடக்கா?" என்று அவள் கேட்டாள். அவள் குரல் அவளுக்கே அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"இல்லம்மா. வாய் மூடித்தான் இருக்கு, பனிக்குடமும் உடையல. போன சளி தானா ஊறிடும், யாரும் எடுத்து வைக்க வேண்டாம். கொஞ்ச நாள் படுத்தே இருங்க. வலியோ ரத்தமோ தண்ணியோ வந்தா உடனே ஓடி வாங்க."

குழாய்க்காரருக்கு மனசு ஆறவில்லை. மரை இல்லை, டேப் இல்லை, பசை இல்லை, சும்மா ஊறிவந்து அடைத்துக்கொள்ளுமாம்! வெளியே குப்பைக்கூடை முன்னால் டப்பாவோடு நெடுநேரம் நின்றார். கடைசியில் அவள்தான் அதை வாங்கிக் கொட்டினாள்.

படுத்த பிறகு நாட்கள் கரைந்துபோயின. ஜன்னல் திரை வழியே வந்த வெயில் ஒரு சுவரில் இருக்கும். கண் மூடித் திறந்தால் எதிர்ச்சுவருக்குப் போயிருக்கும். மேல்வீட்டில் யாரோ குளித்த தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தூக்கம் எது விழிப்பு எது என்று பிரியாமல் கிடந்தாள்.

அப்படிக் கிடக்கும்போதெல்லாம் தனக்குள்ளேயே நடந்து போனாள். டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் தெரியுமே, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நடைவழி. சுவரெல்லாம் ஈரம், இளஞ்சூடு. நடை முடியும் இடத்தில் ஒரு வாசல், வெறிச்சென்று கிடந்தது. தூசியும் துரும்புமாய் என்னென்னவோ மிதந்து வர, அவள் குறுக்கே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் விரட்டினாள். ஒன்றை விரட்டினால் ஒன்பது வந்தது. விழித்தபோது கை நிஜமாகவே வலித்தது.

அடுத்தடுத்த மதியங்களில் அந்தச் சுவர் கசிய ஆரம்பித்தது. துளித்துளியாய் இறங்கி வாசலில் சேர்ந்தது. மூஞ்சி இல்லை, பேர் இல்லை, வேலைக்கு வந்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. கைக்குட்டையில் சிந்தி நாலாக மடித்து ஒளித்துவைக்கிற பொருள். அவளே அதைப் பார்த்து எத்தனை தடவை முகம் சுளித்திருக்கிறாள்! வந்த தூசியெல்லாம் அதில் ஒட்டி, ஒட்டிய இடத்திலேயே நின்றது. அவளுக்கு அதைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

மறுபடி பரிசோதித்த டாக்டரம்மா, "எல்லாம் நல்லா இருக்கு" என்றார். அவள் நம்பவில்லை. டாக்டர்கள் பின்னே வேறென்ன சொல்வார்கள்? குழாய்க்காரரோ விடிந்தால் போதும், கட்டிலோரம் வந்து, "அடைச்சிடுச்சா?" என்று கேட்டு அவள் உயிரை வாங்கினார்.

ஒரு மதியம் வாசல் நிறைந்திருந்தது. அவள் அதன்மேல் காதை வைத்தாள். அந்தப் பக்கம் யாருக்கோ விக்கல். ஒவ்வொரு விக்கலுக்கும் அந்தக் கொழகொழப்பு லேசாக அதிர்ந்து, அடங்கி, தன் இடத்திலேயே நின்றது. விழித்துப் பார்த்தாள். விக்கல் நிற்கவில்லை. வயிற்றின் ஓரத்தில் துடிதுடி என்று துடித்துக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயம் இருந்த இடத்திலேயே இருக்க, ஆசை அதைத் தாண்டி வந்துவிட்டது.

"என்ன, விக்குதா?" என்றாள். "சுத்தித் தண்ணிதானே, ஒரு வாய் குடி."

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்த குழாய்க்காரர், "எனக்கா? எனக்கு விக்கல் ஒண்ணும் இல்லையே!" என்று குரல் கொடுத்தார்.

"உங்கள இல்ல."

"பின்ன யார..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எழுந்த வேகத்தில் தொட்டியில் தலையை இடித்துக்கொண்டு, கையில் ஸ்பானரோடு ஓடிவந்து அறைக்கதவோரம் நின்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அது ஒண்ணுமில்ல, உங்கப்பாதான். மண்டைய இடிச்சுக்கிட்டாரு. நீ பயப்படாத. அவசரமே இல்ல, உன் நேரம் வர்ற வரைக்கும் அங்கயே இரு. நான் இங்கயே இருக்கேன்."

குழாய்க்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.