பதினாலு குச்சி

சிப்பாய் என்பது பூனையின் பெயர். மீசையைப் பார்த்து சுடலையம்மாளின் புருஷன் சங்கிலிப்பாண்டி வைத்தது. வைத்த மனுஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது; அவர் சட்டையும் சிப்பாயும்தான் வீட்டில் மிச்சம். பேருக்கேற்ற வீரத்தை சிப்பாய் ஓர் எலியிடம்கூடக் காட்டியதில்லை. போதாக்குறைக்கு வலிப்பு வேறு. காலையும் மாலையும் அரை மாத்திரை, ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர்.

சுடலையம்மாளுக்கு மறதி. ஆனால் முப்பது வருஷம் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்த கை. ஞாயிற்றுக்கிழமைதோறும் டப்பாவில் பதினாலு அரை மாத்திரை, தீப்பெட்டியில் பதினாலு குச்சி போட்டு வைப்பாள். மாத்திரை கொடுத்ததும் ஒரு குச்சியை எடுத்து எறிந்துவிடுவாள். டாக்டரே கேட்டுச் சிரித்திருக்கிறார்.

வியாழக்கிழமை காலையில் பெட்டியில் ஆறு குச்சி. டப்பாவில் ஏழு மாத்திரை. ஒரு மாத்திரை கூடுதல். விளக்கடியில் கருகிய குச்சி ஒன்று கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் கரண்டு போனபோது, கைக்கு அகப்பட்ட பெட்டியிலிருந்து ஒரு குச்சியை உரசிவிட்டாள். அப்புறம் குச்சி குறைந்திருப்பதைப் பார்த்து, மாத்திரை கொடுத்தாச்சு என்று நிம்மதியாகப் படுத்தும்விட்டாள். இன்னோர் ஆள் இருந்தால் அவர் மேல் எரிந்து விழலாம். அதற்கும் வழியில்லை.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி டாக்டருக்குப் போன் போட்டாள்.

“நேத்து அந்தி மாத்திர தப்பிப்போச்சுய்யா. இப்ப ரெண்டையும் சேத்துக் குடுக்கட்டா?”

“அத மட்டும் செஞ்சிராதிய. இந்த வேளைக்கு உள்ளத மட்டும் குடுங்க. பொழுதடையுற வரைக்கும் பக்கத்துலயே இருந்து பாருங்க. வலிப்பு வந்தா ஒடனே தூக்கிட்டு வாங்க. குச்சி வச்சுமா தப்புச்சு?”

“எங்க வீட்ல அவிய பீடிக்கு ஒண்ண எடுத்துட்டாவய்யா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அவியட்ட கொஞ்சம் சொல்லி வைங்கம்மா.”

“சொல்லுதேன்யா.”

அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை. சிப்பாயின் வால் அசைந்தால்கூட எழுந்து குனிந்து பார்த்தாள். இதுவும் போய்விட்டால் யாரிடம் பேசுவது? பொழுது அடைந்தது. வலிப்பு வரவில்லை. கருவாட்டுத் துண்டுக்குள் வைத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, சிப்பாய் மீசையைத் துடைத்துக்கொண்டது.

அவள் கடைக்குப் போய்ப் புதுத் தீப்பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் அதைப் போட்டாள்.

“இந்தாங்க, இது ஒங்க பெட்டி. இனிமே சிப்பாய் பெட்டியில கைய வைக்காதிய.”