நூலகத்தில் இருந்த ஒரே இத்தாலியப் புத்தகம்

மஹ்தியா ஊர்ப் பள்ளி நூலகத்தில் இத்தாலிய மொழியில் இருந்தது ஒரே புத்தகம். அதுவும் வாஷிங் மெஷின் கையேடு.

"இத்தாலிதானே கேட்டீங்க டீச்சர்? இதுவும் இத்தாலிதான்," என்றார் நூலகர் ஹெதி.

வேறு வழியில்லாமல், இத்தாலி மொழி சொல்லித்தரும் தொர்சாஃப் டீச்சர் வருஷம் முழுக்க வாராவாரம் பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து, அதையே வாசிக்க வைத்தாள்.

மே மாதம் பள்ளி ஆய்வாளர் வந்தார். "உங்க அப்பாவைப் பத்தி இத்தாலி மொழியில சொல்லும்மா," என்று ரிஹாப் என்ற மாணவியைக் கேட்டார்.

அவள் தயங்கவேயில்லை. "அப்பா ரொம்பச் சத்தம் போடுவார். அளவுக்கு மேல திணிக்கக் கூடாது. ஒழுக ஆரம்பிச்சா உடனே குழாயை மூடணும்."

தொர்சாஃபுக்கு உயிரே போயிற்று. ஆய்வாளரோ கண்ணில் நீர் வரச் சிரித்து, முழு மதிப்பெண் போட்டார்.

மறுநாள் ரிஹாபின் அம்மா பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் இனிப்புத் தட்டோடு வந்து நின்றாள். "டீச்சரம்மா, எம் புருஷனை இவ்வளவு சரியா யாருமே சொன்னதில்ல. எனக்கும் இத்தாலி சொல்லிக்குடுங்க!"