நாலு நொடி மின்சாரம்

காவ்சியுங் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜியாங்குவோ சாலையில், செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உள்ளதை மீட்டுக் கொடுக்கிற கடைகள் மூன்று இருந்தன. அதில் நடுக்கடை ஜுவாங்குடையது. வயது அறுபத்தெட்டு. படிப்பு ஆறாம் வகுப்பு. கப்பல்களில் ரேடியோவும் ராடாரும் பழுது பார்த்துக் கை பழகி, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

மனிதர் வாய்ச்சொல்லை ஜுவாங் நம்பமாட்டார். இந்த முப்பது வருஷத்தில் உண்மை சொன்ன வாடிக்கைக்காரன் ஒருவனும் இல்லை என்பது அவர் கட்சி. தண்ணீரில் போட்டவன் தானாக நின்றுவிட்டது என்பான். திருப்புளி போட்டுத் திறந்து பார்த்தவன் கையே வைக்கவில்லை என்பான். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிற பொய்யைக்கூட இங்கே வந்து கூசாமல் சொல்வார்கள். அதனால் என்ன நடந்தது என்று அவர் யாரையும் கேட்பதில்லை. அந்த வேலை அவர் மனைவி பிஷியாவுடையது. அவள் முன்மேசையில் உட்கார்ந்து கேட்டு, சீட்டு எழுதி, டிஸ்க்கோடு சேர்த்துக் கட்டி உள்ளே அனுப்புவாள்.

அந்தத் திங்கட்கிழமை வந்த சீட்டில் இப்படி இருந்தது. பெயர் ஷியூலுவான். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. காலையில் தூசி தட்டும்போது அலமாரியிலிருந்து டிஸ்க் விழுந்தது. விழுந்த பிறகு ஒரு தடவைகூடக் கம்ப்யூட்டரில் சொருகவில்லை. கடைசி வரியின் கீழே பிஷியா சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாள்.

தொழிலில் ஒரு கட்டளை உண்டு. விழுந்த டிஸ்க்குக்கு மின்சாரம் காட்டாதே. உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கிற தட்டுகள் சுற்றும். அவற்றின்மேல் படாமல், தலைமயிர்கூடப் புகாத உயரத்தில், ஊசி மாதிரி ஒரு தலை நின்று படிக்கும். விழுந்த அதிர்ச்சியில் அந்தத் தலை தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியே ஓடவிட்டால் ஏர் உழுத மாதிரி தட்டைக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்தது போனது போனதுதான். அதனால் முதலில் தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்து, தலை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அரைநாள் பிடிக்கும்.

ஜுவாங் சீட்டைப் படித்தார். சிரித்தார். டிஸ்க் விழுந்தால் சொருகிப் பார்க்காமல் எவள் இருப்பாள்? பத்துத் தடவை சொருகி, இரண்டு தடவை தட்டி, பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டிவிட்டுத்தான் இங்கே வந்திருப்பாள். பத்துத் தடவைக்குத் தாங்கியது பதினோராவதுக்கும் தாங்கும். சத்தத்தைக் கேட்டால் நோய் தெரிந்துவிடும். அரைநாள் மிச்சம். கம்பியை இணைத்து மின்சாரம் கொடுத்தார்.

முதலில் ஒரு டக். பிறகு பீங்கான் தட்டில் கத்தியை இழுத்த மாதிரி ஒரு கிறீச்சல். நாலு நொடி இருக்கும். கம்பியைப் பிடுங்கினார்.

திறந்து பார்த்தபோது மேல்தட்டில் வட்டமாக ஒரு வெள்ளிக் கோடு. கோட்டில் துருவோ தூசியோ இல்லை. அப்போதுதான் பிறந்த கீறல். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் உண்மை.

கிறீச்சல் முன்மேசை வரை கேட்டிருந்தது. பிஷியா வந்து வாசலில் நின்று பார்த்தாள். திரும்பிப் போனாள். மத்தியானம் பால்மீன் கஞ்சி வைக்கும்போதுதான் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று சொன்னாள். ஜுவாங் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

ஷியூலுவானின் புருஷன் ஆதுங். சூரை மீன் பிடிக்கிற ஆழ்கடல் கப்பலில் ஒன்பது வருஷம் போனவன். வாரத்துக்கு ஒருமுறை, காவல் முறை முடிந்ததும், போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மனைவிக்குப் பேசுவானாம். சாப்பிட்டது, சண்டை போட்டது, பார்த்த திமிங்கிலம். கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் இந்த டிஸ்க்கில் ஏற்றி, நான் இல்லாதபோது வாரம் ஒன்று பார் என்பான். வீட்டில் இருக்கையில் பார்க்க விடமாட்டான், ஆளே இருக்கும்போது படம் எதற்கு என்பான். அவன் போகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பார்த்தது, மீதி சேர்ந்தது. போன வருஷம் ஈரலில் புற்று வந்து இரண்டு மாதத்தில் போய்விட்டான். அதற்குப் பிறகும் அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்றே பார்த்து வந்தாள். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதாம். பார்க்காதவை இன்னும் நூற்று நாற்பத்தொன்று.

ஜுவாங் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரம் வேறு வேலை எதையும் அவர் தொடவில்லை. அதே மாதிரி பழைய டிஸ்க்குகள் மூன்றை வாங்கி வந்து, அவற்றின் தலைகளைக் கழற்றி இதில் மாட்டினார். கீறலுக்கு வெளியே இருந்ததைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினார். இரண்டு தலை கருகியது. மூன்றாவது தாங்கியது. ஆனால் ஒரு படம் ஒரே இடத்தில் இருப்பதில்லை, எல்லாத் தட்டிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். ஒரு தட்டு போனாலும் எல்லாப் படத்திலும் ஓட்டை. வந்ததைப் போட்டுப் பார்த்தார். வெயிலில் கறுத்த ஒருவன் சிரிப்பான், வாயைத் திறப்பான், அங்கேயே உறைந்துபோவான். வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தபோது பார்க்காத நூற்று நாற்பத்தொன்றில் முழுசாக வந்தவை பத்தொன்பது.

அறிக்கை எழுத வேண்டும். அதற்குத் தொழிலில் எல்லோரும் எழுதுகிற ஒரு வரி இருக்கிறது: வரும்போதே தட்டு கீறியிருந்தது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். இல்லாவிட்டாலும் யாராலும் மறுக்க முடியாது. ஜுவாங் அந்த வரியை எழுதி முன்மேசையில் வைத்தார்.

பிஷியா படித்தாள். "யாரும் உண்மை சொல்றதில்ல, யாரும் உண்மை சொல்றதில்லன்னு முப்பது வருஷமா பாடின. இந்தா, நீயும் வரிசையில போய் நின்னுட்டியேய்யா" என்றாள்.

உண்மையை எழுதிக் கடையை மூடவா என்று அவர் எரிந்து விழுந்தார். மூடினால் மூடு, எனக்கும் முதுகு வலிக்கிறது என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை ஷியூலுவான் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பை கொய்யா, மெனக்கெட்டு வேலை செய்தவர்களுக்கு என்று. ஜுவாங் பத்தொன்பது என்று சொன்னார். அவள் தலையசைத்தாள்.

"பத்தொம்பது வாரம்" என்றாள். பையை மேசைமேல் வைத்தாள். "நீங்க சங்கடப்படாதீங்க முதலாளி. உடைச்சது நான். என் மாமியா ஒரு வாரமா சொல்லிக்கிட்டிருக்காங்க, எம்புள்ளைய நீ ரெண்டாந்தரமும் சாகடிச்சிட்டேன்னு. அவங்க சொல்றதும் நெசந்தானே."

அறிக்கை மேசைமேல் இருந்தது. அவள் பக்கம் தள்ளினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம், பழியை அவளே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பிஷியா எதையோ எழுதுகிற மாதிரி குனிந்திருந்தாள். பேனா ஓடவில்லை.

"உடைச்சது உங்க கை இல்ல" என்றார் ஜுவாங். அவர் குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது. "விழுந்ததுல தலை ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். தட்டைக் கீறினது நான். கரண்டு குடுத்தேன். குடுக்கக்கூடாது."

"தெரிஞ்சிருந்துமா?"

"தெரியும். சொருகலன்னு நீங்க சொன்னத நான் நம்பல."

அவள் அவரைப் பார்த்தாள். "குடுக்காம இருந்திருந்தா?"

அநேகமாக என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். "எல்லாம் வந்திருக்கும்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இத எழுதிக் குடுங்க. கடை முத்திரை போட்டுக் குடுங்க. என் மாமியா கண்ணால படிக்கணும்."

ஜுவாங் பிறர் நீட்டிய காகிதத்தில் லேசில் முத்திரை வைத்தவர் அல்ல. மூன்று பேரிடம் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வைப்பார். இந்தக் காகிதத்தைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினால் திங்கட்கிழமையிலிருந்து கடைப்பக்கம் ஒரு காக்காய் வராது. அது அவருக்குத் தெரியாமலில்லை. பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. டிஸ்க் பழுதானது வாடிக்கையாளரால் அல்ல, கடைக்காரர் தவறுதலாக மின்சாரம் கொடுத்ததால் என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். திருப்பி மேசையில் வைத்து ஒரு சொல்லின்மேல் விரலை ஊன்றினாள்.

"தவறுதலான்னு போட்டிருக்கீங்க. கை தவறல. நான் சொன்னத நம்பாம செஞ்சீங்க. அப்படி எழுதுங்க."

ஜுவாங் பேனாவை எடுத்தார். அந்தச் சொல்லை அடித்தார். மேலே, இருந்த கொஞ்ச இடத்தில், வாடிக்கையாளர் சொன்னதை நம்பாமல் என்று எழுதினார். அடித்துத் திருத்திய இடத்தில் முத்திரை இல்லாவிட்டால் காகிதம் செல்லாது. பிஷியா சிவப்பு மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் முத்திரையை மையில் ஒற்றி, அடித்த சொல்லின்மேல் வைத்து, கட்டைவிரல் வெளுக்கிற மட்டும் அழுத்தினார்.