ஓர் ஆள் உட்காரும் இடம்

கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள் மகள். வாசலில் தாடிக்காரர். வேதாகமக் கல்லூரியில் அப்பாவிடம் கிரேக்கம் படித்து, இன்று தானே ஒரு சபைக்குப் போதகராக இருப்பவர்.

"தூங்குறாருண்ணே. அப்புறமா வாங்களேன்."

பொய். சற்று முன்புதான் அப்பா, மருந்து கொடுக்கப்போன அவள் கையைத் தட்டிவிட்டு, அந்த வாயிலிருந்து அவள் கேட்டே இராத ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தார். மூளையில் கட்டி. "சாதுவா இருந்தவங்ககூட திட்டுவாங்க, அடிப்பாங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வைத்துக்கொள்ளவில்லை. ஊர் வைத்துக்கொள்ளுமே. இத்தனை காலம் சேர்த்த பெயர் கடைசி நாளில் கெட்டுப்போக அவள் விடமாட்டாள்.

தாடிக்காரர் நகரவில்லை. "பரவால்லம்மா, நிக்கிறேன். சார் ஃப்ரோனேமாங்கிற கிரேக்கச் சொல்ல நடத்தின வகுப்பு ஞாபகம் வந்துச்சு. வழியெல்லாம் அதே நெனப்பு."

அவளும் சாப்பாட்டு மேஜையில் கேட்டு வளர்ந்த சொல்தான்.

"நாங்க அர்த்தம் சிந்தைன்னு எழுதிட்டு உக்காந்துட்டோம். சார் விடல. 'யோசிக்கிறது இல்லடா அது. யோசிக்கவே நேரம் இல்லாதப்போ மனசு தானா எந்தப் பக்கம் சாயுதோ, அது'ன்னாரு."

அப்பாவின் நினைவிலிருந்து கிரேக்கம் போய்விட்டது, பெற்ற மகளின் பெயரும் போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்தக் கெட்ட வார்த்தைதானா?

உள்ளேயிருந்து கத்தல் கேட்டது. இனித் தூங்குகிறார் என்று சொல்ல வழியில்லை. அவள் ஓடினாள். பின்னாலேயே தாடிக்காரரும் வந்துவிட்டார்.

வந்தவர் யாரென்று அப்பாவுக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னார். மானம் போச்சு என்று நினைத்தாள்.

"வீட்டுக்கு வந்தவங்கள வாசல்லயே நிக்கவச்சுப் பேசுறியா? உக்காரச் சொல்லத் தெரியாதா உனக்கு?"

அறையிலிருந்த ஒரே நாற்காலியில் துணியும் மருந்துமாகக் குவிந்து கிடந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு முழங்கையை ஊன்றி, கட்டிலில் சுவர்ப்பக்கமாக நகர ஆரம்பித்தார். கொஞ்சம் நகர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி கொஞ்சம். புரண்டு படுக்கவே இரண்டு பேர் பிடிக்கவேண்டிய உடம்பு அது. உதவப்போன மகளின் கையையும் தள்ளிவிட்டார். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்ததும் அதைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க. சாப்டீங்களா?"

தாடிக்காரர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். என்ன மனிதர் அப்பா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

பொழுது சாயும் முன் அப்பாவின் மூச்சு அடங்கியது. அதற்குள் வீடு நிறைய ஆட்கள்.

"சுவரோட ஒட்டிப் படுத்திருக்காரே, நடுவுக்கு நகர்த்தட்டுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்" என்றாள் மகள்.

தாடிக்காரர் எழுந்துகொண்டார். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள்.