இருபது வீட்டு மனு

எங்கள் காலனியில் மாதர் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைவி நான், காரியதரிசி நான், கூட்டத்துக்குப் பாய் விரிப்பவள் நான், யாரும் வராமல் போனால் அந்தப் பாயைச் சுருட்டுபவளும் நானேதான். அறுபத்தேழு தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் கிணறு வெட்டித் தருகிறோம் என்றார்கள். ஜெயித்தவர்களும் சொன்னார்கள், தோற்றவர்களும் சொன்னார்கள். அதை நம்பிச் சங்கம் ஆரம்பித்தவள் இந்த அன்னமேரி ஒருத்திதான். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. நடந்து நடந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

கெலமங்கலத்திலிருந்து மூன்று மைலில் இருக்கிறது எங்கள் காலனி. நாற்பது வீடு. பாதி வீட்டில் தெலுங்கு, மீதி வீட்டில் தமிழ், சண்டை வந்தால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். குடிதண்ணீருக்கு எல்லாரும் நாராயணப்பனின் வயற்கிணற்றுக்குத்தான் போக வேண்டும். அவர் தண்ணீரை விற்கிறார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தண்ணிக்குக் காசு வாங்கறவனா நானு?" என்பார். வாஸ்தவம், காசு வாங்க மாட்டார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு ஒரு பெண் அவருடைய ராகிக் கொல்லையில் சும்மா வேலை செய்துவிட்டு வர வேண்டும். கூலியும் கிடையாது, கஞ்சியும் கிடையாது.

சம்பங்கி பிள்ளை பெற்ற பதினாறாம் நாள் அந்தக் கொல்லையில் களை எடுத்தாள். குழந்தையை வரப்பில் துணி விரித்துப் போட்டிருந்தாள். எறும்பு மொய்த்து அது அலறிய அலறல் அடுத்த பாத்தியில் இருந்த எனக்குக் கேட்டது. அவள் புருஷன் ஆஞ்சப்பன் நாராயணப்பனிடம் பண்ணையாள். அவனும் அங்கேதான் மாடு பிடித்துக்கொண்டு நின்றான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன்.

ஆண்கள் யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு நாராயணப்பனிடம்தான் பிழைப்பு. சரி, தண்ணீர் தூக்குவது பெண்கள்தானே, பெண்களே போடட்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். இருபத்தாறு கைநாட்டு வாங்குவதற்குள் இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கைநாட்டுக்கும் பக்கத்தில் இன்னாருடைய மனைவி என்று நானே எழுதினேன். எல்லா ஆண்களின் பெயரும் எனக்குத் தெரியும், யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

மனு கொடுத்து ஆறு மாதம் கழித்து, கார்த்திகையில் ஒரு புதன்கிழமை யூனியன் ஆபீசர் விசாரணைக்கு வந்தார். சைக்கிளில் வந்த, வெயிலில் கறுத்துப்போன மனுஷர். பள்ளிக்கூடத்து முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். நாராயணப்பனும் வந்து சேர்ந்தார். ஆஞ்சப்பன் பின்னால் நின்று அவருக்குக் குடை பிடித்தான். காலனியில் வேறு ஓர் ஆண் இல்லை. அன்றைக்கென்று பார்த்து அத்தனை பேரையும் ராகி அறுப்புக்குக் கூப்பிட்டுவிட்டார் அந்தப் புண்ணியவான்.

"சார், இதெல்லாம் பொய் மனுங்க" என்றார் நாராயணப்பன். "அத்தனையும் ஒரே ஆள் ரேகை. இந்த அன்னமேரி இருக்கிற பத்து வெரலையும் மாத்தி மாத்தி வெச்சிருக்கா."

"இருபத்தாறுக்குப் பத்து வெரலு பத்துமாய்யா?" என்று நான் கத்தினேன்.

ஆபீசர் கையைக் காட்டி என்னை அடக்கினார். "சண்டை வேணாம்மா. ஆட்சேபணைன்னு வந்துட்டா நான் கேட்டுத்தான் ஆகணும். ஒவ்வொருத்தரா வந்து உங்க பேரும் வீட்டுக்காரர் பேரும் சொல்லுங்க. மனுவோட ஒத்துப்போனா டிக் போட்டுடறேன். இருபது வீடு தேறினாப் போதும், கிணத்துக்கு எழுதி அனுப்பிடுவேன்."

நான்தானே தலைவி, விறுவிறுவென்று முன்னால் போனேன். "அன்னமேரி" என்றேன்.

"வீட்டுக்காரர் பேரு?"

வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். ஒரு நாள்கூட அந்தப் பெயரை என் வாய் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பெங்களூரில் கொத்து வேலை அவருக்கு. அந்த நேரத்துக்கு ஏதோ மூன்றாம் மாடியில் சாரத்தின்மேல் நின்றிருப்பார். நான் இங்கே சொல்லி, அங்கே அவர் கால் வழுக்கிவிட்டால்? கூட்டத்தில் மைக் இல்லாமலே முழங்குகிற நான், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மனுவிலேயே இருக்குதுங்களே. நான்தான் எழுதினேன்."

"எழுதினது இருக்கட்டும். வாயால சொல்லும்மா."

நான் சொல்லவில்லை. நானே சொல்லாதபோது மற்றவர்கள் எங்கே சொல்வார்கள்? அடுத்து வந்த நாகம்மா "மா ஆயன" என்று தெலுங்கில் இழுத்தாள். எங்கள் வீட்டுக்காரர் என்பதற்குமேல் அவளுக்கு நாக்கு எழவில்லை. "ஏழுமலைச் சாமி பேருங்க" என்றாள்.

"அந்தச் சாமிக்கு ஆயிரம் பேரு இருக்கும்மா. நான் எதைன்னு எழுதறது?" என்றார் ஆபீசர்.

வரிசையில் நின்ற மேரிராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்கு பேர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். நாராயணப்பன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் சம்பங்கி வந்தாள். இடுப்பில் குழந்தை. அவளும் பெயரைச் சொல்லவில்லை. குடைக்காரனைக் காட்டி, "இதோ நிக்கிறாருங்களே, இவருதான். அவரையே கேட்டுக்கோங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஒரு வீடாவது தேறியது என்று நினைத்தேன்.

ஆபீசர் ஆஞ்சப்பனைப் பார்த்தார். "இவங்க உன் சம்சாரமாப்பா?"

நாராயணப்பன் தலையைத் திருப்பவில்லை. ஆஞ்சப்பன் குடைக்கம்பியையே பார்த்துக்கொண்டு, "தெரியாதுங்க" என்றான்.

"சம்சாரமா இல்லையான்னு தெரியாதா?"

"இவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்கய்யா."

குழந்தை அப்பனைப் பார்த்துவிட்டு அவனிடம் தாவியது. சம்பங்கி அதை இழுத்து இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஆஞ்சப்பன். என் புருஷன் பேரு ஆஞ்சப்பன். எழுதிக்கோங்க" என்றாள். ஆபீசர் டிக் போட்டார். அதற்குப் பிறகு ஒருத்திகூட முன்னால் வரவில்லை.

"ஒரு வீட்டுக்குக் கிணறு வெட்ட முடியாதும்மா" என்று என்னிடம் சொன்னார் ஆபீசர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த ஃபைல் என் மேஜையில இருக்கும். அப்புறம் கட்டி வெச்சுடுவாங்க."

மறுநாள் காலையில் பார்த்தால் கிணற்றுக்குப் போகிற வழியில் வேலமுள் வெட்டிப் போட்டிருந்தது. இனிமேல் வேலை செய்தாலும் தண்ணீர் இல்லையாம். காலிக் குடத்தோடு பெண்கள் நேராக என் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இருந்த தண்ணியும் போச்சு. உன் பேச்சைக் கேட்டோம் பாரு, எங்களைச் சொல்லணும்" என்றாள் நாகம்மா.

எனக்கும் வந்தது ஆத்திரம். "ஆமாண்டி, எனக்கு வேற பொழப்பில்ல பாரு! உங்க வீட்டுக்கெல்லாம் ஏறி எறங்கினேனே, எனக்கு இதுல என்னடி கெடைச்சுது?" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. முதலில் ஊமையானவள் நான்தானே. பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தானே திரும்பிப் போனார்கள்?

"தப்பு என்மேலதான்" என்றேன். வாசல்படியைப் பிடித்துக்கொண்டேன். "ராயப்பன். என் வீட்டுக்காரர் பேரு ராயப்பன்."

"அய்யோ, அக்கா!" என்று மேரிராணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை அவர் வந்து இறங்குகிறவரைக்கும் எனக்கு ஒரு வாய்க் களி இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கெலமங்கலம் யூனியன் ஆபீசுக்குப் புறப்பட்டோம். இருபத்தாறு பேரில் என்னையும் சம்பங்கியையும் சேர்த்து இருபத்தொரு பேர். அதுவே பெரிய விஷயம். திரும்பும்போது தண்ணீர் பிடித்து வரலாம் என்று எல்லார் கையிலும் குடம். எல்லாருக்கும் பயம். பாதி வழியில் மேரிராணி குடத்தைத் தூக்கி, அதன் வாய்க்குள் முகத்தைக் கவிழ்த்து, "இன்னாசிமுத்து" என்றாள். குடத்துக்குள் அந்தப் பெயர் கும்மென்று முழங்கியது. அவளே பயந்துபோய்க் குடத்தைக் கீழே போட்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் சாலையில் போன மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

அப்புறம் ஆளாளுக்குக் குடத்துக்குள் சொல்லிப் பார்த்தார்கள். நாகம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "திம்மராயன்" என்றாள், உடனே குடத்தின் வாயைக் கையால் மூடினாள். சம்பங்கி மட்டும் பின்னால் தனியாக வந்தாள். அவளுக்குப் பழக வேண்டியது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளாக ஆஞ்சப்பன் வீட்டுக்கு வரவில்லை, பண்ணையிலேயே படுத்துக்கொள்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஆபீசர் எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். நான் முதலில் சொன்னேன். வரிசையாக எல்லாரும் சொன்னார்கள். சிலர் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள், ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் டிக் விழுந்தது. எத்தனையோ நாள் ஏங்கிய கணக்கு கண்ணெதிரே நிறைகிறது, எனக்கோ எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

கடைசியாகச் சம்பங்கி வந்தாள்.

"உங்களுது அன்னிக்கே எழுதியாச்சேம்மா" என்றார் ஆபீசர்.

"தெரியுங்க. அதை மாத்தத்தான் வந்தேன். என் பேரு இருக்கட்டும். பக்கத்துல இருக்கிற பேரை அடிச்சுடுங்க."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏண்டி, வேணாண்டி. பயத்துல சொல்லிட்டான். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவள் கோபப்படவில்லை. "என்னைத் தெரியாதுன்னு சொன்ன ஆளு பேரு எனக்கு எதுக்குக்கா?" என்றாள். "நீ மனு எழுதறப்பவும் என் பேருக்குப் பக்கத்துல அதை எழுதட்டுமான்னு என்னைக் கேக்கலையே."

நான் கையை விட்டுவிட்டேன். ஒன்றரை வருஷமாக இவளுக்காகத்தான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆபீசர் ஸ்கேலை எடுத்து வைத்து, அந்தப் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். கோடு முடிகிறவரைக்கும் சம்பங்கி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எத்தனை வீடுங்க?" என்று கேட்டாள்.

அவர் விரலை வைத்து மறுபடியும் மேலிருந்து எண்ணினார்.

"உன்னோட சேத்து இருபத்தொண்ணும்மா."